புதிய தொழிலுக்கான செய்நிரலாக்க மொழியைத் தெரிவுசெய்தல்

ஒருவரின் தொழில் நோக்கம், நேரம், வசதி ஆகியன தரப்பட்டால் அவருக்குப் பொருத்தமான முதற் செய்நிரலாக்க மொழியைக் காரணங் காட்டித் தெரிவுசெய்வது இப்பகுதியின் கற்றற்பேறாகும். அமைப்புக் கட்டுரை வினாக்களில் ‘காரணந் தருக’ என்று கண்டதும் பலர் மனனஞ் செய்த இரண்டு வரிகளை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். அவ்வரிகள் எந்த மொழிக்கும் பொருந்துபவையாக இருப்பதால் அவற்றுக்குப் புள்ளி கிடைப்பது அரிது.

பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும் இப்பகுதி உங்களுக்குத் தேவைப்படும். பெறுபேறு வந்த சில மாதங்களில் நீங்களோ உங்கள் அண்ணனோ அக்காவோ பாடநெறிக் கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதே வினாவுக்கு விடை தேட நேரிடலாம். அங்கே பிழையான விடை ஒருவருடைய ஒரு வருடத்தையும் வீட்டாரின் சேமிப்பையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே சற்று நிதானமாக வாசியுங்கள்.

1. வினாவைத் திருத்திக்கொள்ளல்

‘எந்த மொழி சிறந்தது?’ என்பது விடையளிக்க முடியாத வினா. எந்த வேலைக்கு, யாருக்கு, எவ்வளவு காலத்துள் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது வினாவாகும். எனவே ஒழுங்கு இதுதான்: முதலில் தொழில், அடுத்து அத்தொழிலில் நாளாந்தம் செய்யப்படும் வேலை, அதன் பின்னரே மொழி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கின்றனர். யாரோ சொன்ன மொழியைப் படித்து முடித்துவிட்டு, பிறகு அதற்கேற்ற வேலை எங்கே உண்டு என்று தேடுகின்றனர்.

தொழிலில் உண்மையில் எது கேட்கப்படுகின்றது என்பதை அறிய இலகுவான வழி ஒன்று உண்டு. ஞாயிறு பத்திரிகைகளிலும் வேலைவாய்ப்பு இணையத்தளங்களிலும் வெளிவரும் விளம்பரங்களுள் நீங்கள் விரும்பும் தொழிலுக்குரிய 20 ஐச் சேகரியுங்கள். அனுபவமற்றோரையும் பயிலுநரையும் கோரும் விளம்பரங்களை மட்டும் எடுங்கள். ஐந்து வருட அனுபவம் கேட்கும் விளம்பரம் இப்போதைக்கு உங்களுக்கு உரியதன்று. ஒரு தாளில் நிரல்கள் வரைந்து, ஒவ்வொரு விளம்பரத்திலும் பெயர் குறிப்பிடப்பட்ட மொழிகளுக்குக் கோடிட்டு எண்ணுங்கள். கணிதத்தில் மீடிறன் அட்டவணை தயாரித்த அதே முறைதான்.

இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். சில விளம்பரங்களில் ஏழெட்டு மொழிகள் வரிசையாக இருக்கும். அவை எல்லாம் தெரிந்த ஒருவர் அச்சம்பளத்துக்கு வரமாட்டார் என்பது தொழில்தருநருக்கும் தெரியும். முதல் இரண்டு மூன்றையே எண்ணுங்கள். அடுத்து, எவை சோடியாக வருகின்றன என்று பாருங்கள். ஜாவாவுடனோ பி.எச்.பி. உடனோ எஸ்.கியூ.எல். சேர்ந்து வருவதைப் பல இடங்களில் காண்பீர்கள். தனி மொழி ஒன்றினால் வேலை நடப்பதில்லை என்பதை இந்த அட்டவணையே உங்களுக்குக் காட்டிவிடும்.

2. ஓர் இலங்கை உதாரணம்: சகனா

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களைத் தாக்கியது. காணாமற்போனோர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகின்றது, எந்த முகாமுக்கு எது தேவை என்ற விபரங்கள் ஆயிரக்கணக்கான துண்டுத் தாள்களில் சிதறிக் கிடந்தன. அவ்வேளை இலங்கையின் கணினித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் சில வாரங்களுள் ஒரு மென்பொருளை உருவாக்கினர். அதுவே சகனா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் சொல் இது.

சகனா பி.எச்.பி. மொழியில், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துடன் எழுதப்பட்டது. அக்காலத்தில் ஜாவாவும் இருந்தது, சீ++ உம் இருந்தது. பி.எச்.பி. இங்கே ஏன் பொருந்தியது எனச் சிந்தியுங்கள். அம்மொழிக்கு உரிமக் கட்டணம் இல்லை. சாதாரண சேவையகம் ஒன்றில் இயங்கும். முன்கூட்டித் தொகுக்க வேண்டிய படி இல்லாததால் காலையில் கோரப்பட்ட மாற்றத்தை மாலையில் பயன்பாட்டுக்கு விடலாம். முகாமில் இருப்பவரின் கணினியில் இணைய மேலோடி தவிர வேறெதையும் நிறுவத் தேவையில்லை. அத்தோடு வலைப்பக்கம் எழுதிப் பழகியவர் அதை விரைவில் வாசித்து விளங்கிக்கொள்வார். தொண்டர்கள் நாளுக்கு நாள் மாறும் ஒரு செயற்றிட்டத்தில் இது சிறிய விடயம் அன்று.

திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்ட சகனா, 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும் பயன்பட்டது. பின்னர் அதன் புதிய வடிவம் பைத்தன் மொழியில் எழுதப்பட்டு, 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின் போது பயன்படுத்தப்பட்டது. இங்கே மொழி மாறியது. ஆனால் முகாம், காணாமற்போனோர், நிறுவனம், கோரிக்கை என்ற தரவுகளும் அவற்றுக்கிடையிலான தொடர்புகளும் அப்படியே தேவைப்பட்டன. முதல் வடிவத்தில் வேலை செய்த ஒருவர் இந்தத் தொடர்புகளை விளங்கியிருந்தால் இரண்டாவது வடிவத்திலும் பங்களிக்கலாம். பி.எச்.பி. யின் கட்டளைகளை மட்டும் மனனஞ் செய்திருந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். விடைத்தாளில் உதாரணம் கேட்கப்பட்டால் சகனாவை எழுதுங்கள். வெளிநாட்டு உதாரணங்களையே எல்லோரும் எழுதுகின்றனர்.

3. தொழிலும் மொழியும்

(அ) வலை உருவாக்கம்

முதலில் ஒரு தெளிவு. எச்.ரி.எம்.எல். அடையாளமிடல் மொழியே, அதில் நிபந்தனையோ மீள்செயலோ இல்லை. அதைச் செய்நிரலாக்க மொழி என எழுதிப் புள்ளி இழப்பவர்கள் இன்றும் உள்ளனர். எனினும் வலைத்துறைக்குச் செல்பவர் அதைக் கட்டாயம் அறிய வேண்டும். இணைய மேலோடிக்குள் இயங்கும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் 10 நாட்களில் எழுதினார். அந்த அவசரத்தின் தழும்புகள் மொழியில் இன்னும் உள்ளன. ஆயினும் எல்லா மேலோடிகளும் ஏற்றுக்கொண்ட மொழி அது என்பதால் வலைத்துறையில் அதைத் தவிர்க்க முடியாது. பெயர் ஒத்திருப்பினும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் வெவ்வேறு மொழிகள்.

சேவையகப் பக்கத்தில் பி.எச்.பி., பைத்தன், ஜாவா, சீ ஷார்ப் எனப் பல தெரிவுகள் உள்ளன. ஜாவாஸ்கிரிப்டும் 2009 இல் வெளிவந்த நோட் என்னும் மென்பொருளின் மூலம் அங்கே இயங்குகின்றது. பி.எச்.பி. பழையது எனச் சிலர் ஒதுக்குவர். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளும், வேர்ட்பிரஸும், எமது பல்கலைக்கழகங்களில் இணையவழிக் கற்றலுக்குப் பயன்படும் மூடுலும் பி.எச்.பி. யில் எழுதப்பட்டவையே. சிறு வியாபாரங்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுத்து ஊரிலிருந்தே உழைக்க விரும்புபவருக்கு இது இன்றும் நல்ல தெரிவு.

(ஆ) தரவு சார்ந்த தொழில்கள்

கணக்கு எழுதுவினைஞர், களஞ்சியப் பொறுப்பாளர், வங்கி ஊழியர் போன்றோர் தொழில் மாற நினைக்கும்போது பெரும்பாலும் கவனிக்காமல் விடும் வாயில் இது. அவர்கள் ஏற்கெனவே விரிதாளில் நாள் முழுவதும் தரவுகளுடன் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது எஸ்.கியூ.எல். 1974 அளவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவான இந்த வினவல் மொழி அரை நூற்றாண்டு கடந்தும் தரவுத்தளங்களின் பொது மொழியாக உள்ளது. ஆங்கில வாக்கியத்தைப் போல வாசிக்கலாம். சில கிழமைகளிலேயே பயன் தரத் தொடங்கும். அதன் மேல் பைத்தன் கற்கலாம். கைடோ வான் ரொசம் 1991 இல் வெளியிட்ட பைத்தன், இன்று தரவுப் பகுப்பாய்விலும் செயற்கை நுண்ணறிவிலும் பரவலாகப் பயன்படுகின்றது.

தம் பழைய தொழிலின் அறிவை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். கையிருப்பு ஏன் குறைகின்றது என்று விளங்கிய ஒருவர் எஸ்.கியூ.எல். கற்பது, எஸ்.கியூ.எல். மட்டும் தெரிந்த ஒருவர் கையிருப்பைக் கற்பதிலும் இலகுவானது.

(இ) பெரிய நிறுவன மென்பொருள்

வங்கி, காப்புறுதி, தொலைத்தொடர்பு ஆகிய துறைகளுக்கு மென்பொருள் ஆக்கும் நிறுவனங்களில் ஜாவாவும் சீ ஷார்ப்பும் ஆட்சி செலுத்துகின்றன. ஜாவா 1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தாலும், சீ ஷார்ப் 2000 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தாலும் அறிமுகஞ் செய்யப்பட்டன. 2005 இல் இலங்கையில் தொடங்கப்பட்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் உற்பத்திகள் பெரும்பாலும் ஜாவாவில் அமைந்தவை. அந்நிறுவனமே பின்னர் பலரினா என்னும் புதிய செய்நிரலாக்க மொழியையும் உருவாக்கி 2019 இல் அதன் முதலாம் பதிப்பை வெளியிட்டது. நாம் பிறர் ஆக்கிய மொழிகளைக் கற்போர் மட்டுமல்லர் என்பதற்கு இது சான்று. ஆனால் முதல் மொழியாக அதைப் பரிந்துரைக்க முடியாது. கேட்கும் விளம்பரங்கள் மிகக் குறைவு. உங்கள் அட்டவணையில் எண்ணிப் பாருங்கள்.

இத்துறையில் பட்டம் அல்லது அதற்குச் சமனான தகைமை கேட்கப்படுவது வழக்கம். கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டப் பாடநெறி, தொழில் செய்துகொண்டே இத்தகைமையைப் பெறப் பலருக்கு வழி திறந்தது.

(ஈ) ஏனையவை

அன்ரொயிட் கையடக்கத் தொலைபேசிச் செயலிகளுக்குக் கொட்லின் மொழியைக் கூகிள் 2019 இலிருந்து முதன்மைப்படுத்துகின்றது. ஐபோன் செயலிகளுக்கு 2014 இல் வெளிவந்த ஸ்விஃப்ட் உண்டு. அதற்கு அப்பிள் கணினி வேண்டும் என்பதால் எம்மிற் பலருக்கு அந்தக் கதவு விலையினாலேயே மூடப்பட்டுவிடுகின்றது. நுண்கட்டுப்பாட்டுச் சாதனங்களுக்கும் பணிசெயல் முறைமைகளுக்கும் சீ மொழி.

4. மொழிகளின் ஆயுள்

ஒரு மொழியைக் கற்கச் செலவிடும் காலம் வீணாகுமோ என்ற அச்சம் நியாயமானது. விசுவல் பேசிக் 6 என்பது 1998 இல் வெளிவந்தது. அலுவலக மென்பொருள்களை எழுதப் பெருவாரியாகப் பயன்பட்ட அதன் உருவாக்கச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்தியது. அசைவூட்டத்துக்கும் இணைய விளையாட்டுகளுக்கும் பயன்பட்ட ஃபிளாஷ் மென்பொருளுக்கு அடோபி நிறுவனம் 2020 டிசெம்பர் 31 உடன் முற்றுப்புள்ளி வைத்தது. அதற்கென இருந்த அக்ஷன்ஸ்கிரிப்ட் மொழியைக் கற்றவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. இவ்விரண்டிலும் பொதுவானது யாதெனில், ஒரே நிறுவனம் எடுத்த முடிவு கற்றவர் அனைவரையும் பாதித்தமையாகும்.

மறுபக்கமும் உண்டு. 1959 இல் வடிவமைக்கத் தொடங்கப்பட்ட கோபோல் மொழி இறந்துவிட்டது என எத்தனையோ முறை சொல்லப்பட்டது. 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றினால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்த தொண்டர்கள் வேண்டும் எனப் பகிரங்கமாகக் கேட்டார். வேலையின்மைக் கொடுப்பனவு முறைமை அம்மொழியிலேயே இயங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே ‘புதியது நல்லது, பழையது கூடாது’ என்று எழுதாதீர்கள். மொழியை யார் பேணுகின்றனர், ஒருவர் கைவிட்டால் பிறர் தொடர முடியுமா, அதில் எழுதப்பட்டு இன்றும் இயங்கும் முறைமைகள் எவ்வளவு எனக் கேட்பதே சரியான முறை. பதிப்பையும் பாருங்கள். பைத்தன் 2 க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ பைத்தன் நூல் வாங்கினால், அது 3 ஆம் பதிப்புக்கு உரியதா என முதலில் பாருங்கள்.

5. மொழி மாறினாலும் மாறாதவை, மாறுபவை

தொடர், தெரிவு, மீள்செயல் ஆகிய மூன்று கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகளும் எம்மொழியிலும் உள்ளன. மாறி, அணி, சார்பு, கோப்பு கையாளல் என்பனவும் அவ்வாறே. சாதாரண தரத்தில் பஸ்காலைக் கற்று உயர்தரத்தில் பைத்தனைச் சந்தித்த மாணவர்கள் இதை அனுபவத்தில் அறிவர். தொடக்கமும் முடிவும் என எழுதிய இடத்தில் இப்போது இடைவெளி விட்டு எழுதுகின்றனர். பாய்ச்சற் கோட்டுப்படம் அதேதான்.

ஆயினும் ‘ஒன்று தெரிந்தால் எல்லாம் தெரியும்’ என்பது மிகைக்கூற்று. 7 ஐ 2 ஆல் வகுக்கும் ஒரு வரியை எடுங்கள். பைத்தன் 3 இல் ஒரு சாய்கோட்டினால் வகுத்தால் 3.5 வரும். ஜாவாவிலும் சீ மொழியிலும் இரண்டும் நிறைவெண்களாயின் அதே சாய்கோடு 3 தரும். பைத்தன் 2 உம் 3 தான் தந்தது. பஸ்காலில் சாய்கோடு 3.5 தரும், நிறைவெண் வகுத்தலுக்கு டிவ் என்ற தனிச்சொல் உண்டு. இரு பாடங்களில் மொத்தம் 149 புள்ளி பெற்ற மாணவரின் சராசரி 74.5. பைத்தனிலிருந்து ஜாவாவுக்கு வந்த ஒருவர் கவனியாமல் எழுதினால் அது 74 ஆகும். கணினி எந்த வழுச் செய்தியும் காட்டாது, வெட்டுப்புள்ளி 74.5 ஆக இருந்தால் அம்மாணவர் பட்டியலில் இல்லை.

இன்னோர் உதாரணம் எமக்கு மிக நெருக்கமானது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் என்ன? எழுத்தாக எண்ணினால் 3. பைத்தன் 3 இலும் ஜாவாவிலும் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோட்டில் ஐந்து குறியீடுகள் இருப்பதே காரணம். பி.எச்.பி. யின் வழமையான நீளச் சார்பு 15 என்று சொல்லும். யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைற்றுகள், அது பைற்றுகளையே எண்ணுகின்றது. பெயருக்கு 20 இடம் ஒதுக்கிய படிவத்தில் நீண்ட தமிழ்ப் பெயர்கள் வெட்டுப்படுவது ஏன் என இப்போது விளங்கும். இதைக் கண்டு திருத்தத் தெரிந்தவருக்கு இந்நாட்டில் வேலை உண்டு.

6. தமிழ்மொழி மூலம் கற்றவரின் நிலை

செய்நிரலாக்க மொழிகளின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பெரும்பாலான மொழிகளில் அவை நூறுக்கும் குறைவு. பைத்தனில் 40 ஐத் தாண்டாது. ஆகவே தடையாக இருப்பவை கட்டளைச் சொற்கள் அல்ல. வழுச் செய்தியும் விளக்கக் குறிப்புகளுமே தடை. இதற்கு ஒரு கொப்பியை ஒதுக்குங்கள். வழுச் செய்தி வரும்போதெல்லாம் இடப்பக்கத்தில் செய்தியையும் வலப்பக்கத்தில் அது ஏற்பட்ட காரணத்தைத் தமிழிலும் எழுதுங்கள். ஐம்பது பதிவுகள் சேர்ந்த பின் புதிதாக எழுதவேண்டியவை குறைந்துவருவதைக் காண்பீர்கள். தமிழிலேயே கட்டளைச் சொற்களைக் கொண்ட எழில் என்னும் மொழியும் உள்ளது. எண்ணக்கருவை விளங்க அது உதவும். தொழிலுக்கு அதனோடு நிற்க முடியாது.

பாடநெறிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மூன்று மாதத்தில் ஆறு மொழிகள், சான்றிதழுடன்’ என்ற சுவரொட்டியைக் கண்டால் ஒரு கணக்கைச் செய்யுங்கள். வேலை முடிந்து வந்து ஒரு நாளைக்கு 1½ மணித்தியாலம், கிழமைக்கு 5 நாள், 26 கிழமை படித்தால் மொத்தம் 195 மணித்தியாலம். ஒரு மொழிக்கு அது முழுவதையும் கொடுத்தால் உருப்படியான ஒரு செயற்றிட்டத்தைச் செய்து முடிக்கலாம். நான்கு மொழிகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 49 மணித்தியாலமும் இல்லை; நான்கிலும் முதல் அத்தியாயத்தோடு நின்றுவிடுவீர்கள். நேர்முகப் பரீட்சையில் ‘நீங்கள் எழுதிய செய்நிரல் ஒன்றைக் காட்டுங்கள்’ என்று கேட்பவரிடம் ஆறு சான்றிதழ்களை நீட்டுவதில் பயனில்லை.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பின்னர், செய்நிரலை இயந்திரமே எழுதும்போது நாம் ஏன் கற்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்கின்றனர். மேலே கண்ட 74.5 உதாரணத்துக்குத் திரும்புங்கள். இயந்திரம் எழுதித் தந்த செய்நிரல் 74 எனக் காட்டினால் அது பிழை என்று சொல்லப்போவது யார்? ஒரு மொழியையாவது ஆழமாக வாசிக்கத் தெரிந்தவரே சொல்ல முடியும். தொடக்க நிலையில் இக்கருவிகளிடம் விடையைக் கேட்பதை விடுத்து, உங்கள் விடையில் உள்ள வழுவை விளக்கும்படி கேளுங்கள்.

7. மாதிரி வினாவும் விடையும்

வினா: ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் களஞ்சிய எழுதுவினைஞராக உள்ள 29 வயதுடைய ஒருவர் ஒரு வருடத்துள் கணினி சார்ந்த தொழிலுக்கு மாற விரும்புகின்றார். அவர் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கற்றவர். விரிதாளில் நல்ல பயிற்சி உண்டு. மாலையில் 1½ மணித்தியாலம் ஒதுக்க முடியும். 4 ஜிகாபைற்று நினைவகமுடைய பழைய மடிக்கணினி உள்ளது. அவர் முதலிற் கற்கவேண்டிய மொழியைப் பரிந்துரைத்து, இரு காரணங்களும் ஒரு குறைபாடும் எழுதுக.

குறைந்த புள்ளி பெறும் விடை: ‘பைத்தன். அது இலகுவானது. உலகெங்கும் பிரபலமானது. எதிர்காலம் உண்டு.’

இவ்விடை பொய்யன்று. ஆனால் வினாவில் தரப்பட்ட தகவல்களில் ஒன்றையேனும் அது தொடவில்லை. 17 வயது மாணவிக்கும் 50 வயது விவசாயிக்கும் இதே விடையை எழுதலாம். பரீட்சகர் தேடுவது தரவுக்கும் முடிவுக்கும் இடையிலான தொடர்பை.

நல்ல விடை: ‘முதலில் எஸ்.கியூ.எல்., தொடர்ந்து பைத்தன். இவர் விரிதாளில் கையிருப்புத் தரவுகளைக் கையாள்பவர் என்பதால், நிரை, நிரல், வடிகட்டல், மொத்தமிடல் ஆகிய எண்ணக்கருக்கள் ஏற்கெனவே தெரியும், எஸ்.கியூ.எல். இல் இவையே கட்டளைகளாக வருகின்றன. மேலும், இவற்றுக்கான இலவச மென்பொருள்கள் 4 ஜிகாபைற்று நினைவகத்தில் இயங்கும்; புதிய கணினி வாங்கத் தேவையில்லை. கற்றதைத் தன் களஞ்சியத் தரவின் மாதிரிப் பிரதியில் பயிற்சி செய்து, அதையே நேர்முகப் பரீட்சையிற் காட்டலாம். குறைபாடு: எஸ்.கியூ.எல். தனியே முழு மென்பொருளை ஆக்கப் போதுமானதன்று. தரவுப் பகுப்பாய்வாளர் பதவிகளுக்குச் சில நிறுவனங்கள் பட்டம் கோருவதால், அறிக்கை தயாரிப்பாளர் போன்ற பதவியில் தொடங்கவேண்டி வரலாம்.’

இங்கே காரணங்கள் இரண்டுக்கு மேல் உள்ளன. வினாவில் இரண்டு கேட்கப்பட்டால் இரண்டை எழுதிவிட்டு நேரத்தை மிச்சப்படுத்துங்கள். மாற்று விடையும் ஏற்கத்தக்கது: ‘ஜாவாஸ்கிரிப்ட், மேலோடியும் எளிய உரைத் தொகுப்பானும் போதும், செய்ததை உடனே திரையிற் காணலாம்’ என்று காரணங் காட்டுபவருக்கும் புள்ளி உண்டு. ஆனால் இதே நபருக்கு அன்ரொயிட் செயலி உருவாக்கத்தைப் பரிந்துரைப்பது கடினம். அதற்குரிய உருவாக்கச் சூழல் குறைந்தது 8 ஜிகாபைற்று நினைவகம் கேட்கும். அவருடைய கணினி தொடக்கத்திலேயே திணறும்.

‘குறைபாடு எழுதுக’ என்ற பகுதியை வெறுமையாக விடுவோர் அதிகம். தாம் பரிந்துரைத்ததைத் தாமே குறை கூறுவதா என்ற தயக்கம் போலும். குறைபாடற்ற தெரிவு கிடையாது; அதை அறிந்துகொண்டே தெரிவு செய்தீர்கள் எனக் காட்டுவதற்கான இடம் அது.

8. பயிற்சி வினாக்கள்

(1) ஊரிலுள்ள 12 சிறு கடைகளுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுக்க விரும்பும் வேலையற்ற கலைப் பட்டதாரி ஒருவருக்கு இரண்டு மொழிகளைப் பரிந்துரைக்குக. எதை முதலிற் கற்கவேண்டும்? ஏன்?

(2) சகனா மென்பொருள் பி.எச்.பி. யிலிருந்து பைத்தனுக்கு மாற்றப்பட்டபோது மாறாமல் இருந்தவை இரண்டையும் மாறியிருக்கக் கூடியவை இரண்டையும் தருக.

(3) −7 ஐ 2 ஆல் நிறைவெண் வகுத்தல் செய்யும்போது பைத்தன் 3 தரும் விடை −4. ஜாவா தரும் விடை −3. இரு மொழிகளும் மேற்கொள்ளும் விதியை உய்த்தறிந்து எழுதுக. கடன் மீதியைக் கணிக்கும் செய்நிரலில் இவ்வேறுபாடு எவ்வாறு பாதிக்கும்?

(4) ‘அம்மா’ என்ற சொல்லுக்கு யூனிகோட் குறியீடுகளின் எண்ணிக்கையையும் யூ.டி.எஃப்.-8 இல் பைற்றுகளின் எண்ணிக்கையையும் காண்க. (விடை: 5, 15)

(5) நீங்கள் விரும்பும் தொழில் ஒன்றுக்கு 20 விளம்பரங்களைச் சேகரித்து மீடிறன் அட்டவணை தயாரித்து, முதல் மூன்று இடங்களைப் பெறும் மொழிகளை எழுதுக. உங்கள் ஆசிரியருடைய அட்டவணையுடன் ஒப்பிட்டு வேறுபாடு இருப்பின் காரணம் ஆராய்க.